டெல்டாவில் இருந்துகொண்டு எந்த டெத் மெட்டல் பேண்டில் சேர்வது?

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை என்று நம் பக்கத்து ஊர்களில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு டெத் மெட்டல் (உறுமல் குரலும் கனத்த கிட்டாரும் டிரம்ஸும் கொண்ட ராக் வகை) ரிஃப் (திரும்பத் திரும்ப வருகிற கிட்டார் துணுக்கு) பழகுகிறவர்கள் வெளியே தெரிவதைவிட அதிகம். ஓரளவு கை ஓட ஆரம்பித்ததும் எல்லோருக்கும் ஒரே கேள்விதான் வருகிறது. தனியாக வாசித்தது போதும், பேண்டில் சேரணும், ஆனால் எதில்? பெங்களூரிலோ சென்னையிலோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற பேண்டில் இடம் பிடிக்கலாம். திருச்சி, தஞ்சாவூர் கல்லூரி வட்டத்தில் ஒன்றில் சேரலாம். வீட்டிலிருந்தபடியே ஃபைல் அனுப்பி வாங்கி ஆன்லைனில் பேண்ட் நடத்தலாம். இல்லையென்றால் ஊரிலேயே ஆள் தேடிப் புதிதாக ஆரம்பிக்கலாம். கிட்டாரிஸ்டாக இந்த நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு காரணம். பேண்டுக்குப் பெயர் இருக்கிறதா, எந்த ஊர், எத்தனை கச்சேரி கிடைக்கும், இதெல்லாம் இரண்டாம் பட்சம். முதலில் டிரம்மரைப் பாருங்கள். வாரம் ஒரு தடவையாவது நிஜமான டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று வாசிக்க எந்த வழி இடம் கொடுக்கிறதோ, உங்களுக்கு அதுதான் சரி.

மற்ற இசைக்கு இது அவ்வளவு முக்கியம் இல்லாமல் இருக்கலாம், டெத் மெட்டலில் வலது கைதான் பாதி வேலை. 200 பி.பி.எம். (நிமிஷத்துக்கு 200 பீட்) வேகத்தில் ஒரு பீட்டுக்கு நான்கு அடி என்று டிரெமொலோ பிக்கிங் (பிக்கை மேலும் கீழும் விடாமல் ஆட்டி மீட்டுவது) போனால் நொடிக்கு 13 தடவைக்கு மேல் பிக் கம்பியைத் தொடுகிறது, ஒரு அடிக்கும் அடுத்ததுக்கும் இடையில் 75 மில்லி செகண்டுதான். இதை மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டுகிற கருவி) வைத்து வீட்டிலேயே பழகிவிடலாம், பழகியும் இருப்பீர்கள். ஆனால் பிளாஸ்ட் பீட்டிலிருந்து (டிரம்மர் உச்ச வேகத்தில் விடாமல் அடிப்பது) பாதி வேகத்துக்கு இறங்குகிற இடத்தில் டிரம்மர் கொஞ்சம் பின்னால் சாய்ந்து வாசிப்பார், ஃபில் (நடுவில் போடுகிற சின்ன உருட்டு) முடிந்து முதல் அடிக்கு வரும்போது ஒரு துளி முந்துவார், அங்கே உங்கள் கை அவரோடு சாய வேண்டும், அவரோடு முந்த வேண்டும். மெட்ரோனோம் இதைக் கற்றுக்கொடுக்காது. கிக்கும் (காலால் அடிக்கிற பெரிய டிரம்) உங்கள் பாம் மியூட்டும் (கையால் கம்பியை லேசாக அமுக்கி வாசிப்பது) பிசிறில்லாமல் ஒரே அடியாக விழும்போதுதான் ரிஃபுக்கு எடை வருகிறது. எவ்வளவு டிஸ்டார்ஷன் (கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்குவது) ஏற்றினாலும் அந்த எடை பெடலிலிருந்து வராது. நாகஸ்வரக்காரருக்குத் தவில் எப்படியோ, நமக்கு டிரம்மர் அப்படி.

இந்த இசையின் வரலாற்றைப் புரட்டினால் ஒரு விஷயம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. பிரேசிலில் பெலோ ஹொரிசோன்ச்சி ஊரில் கிளம்பிய செபல்ச்சுராவில் மேக்ஸ் கவலேரா கிட்டார், தம்பி இகோர் டிரம்ஸ். போலந்தில் குரோஸ்னோ என்ற சின்ன ஊரில் 1996-இல் பள்ளிப் பையன்களாக ஆரம்பித்த டிகாப்பிட்டேட்டடில் வோக் கிட்டார், தம்பி விட்டெக் டிரம்ஸ். பிரான்சின் தென்மேற்கு மூலையில், பயோன் நகரத்துக்குப் பக்கத்தில் கிளம்பி 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழா வரைக்கும் போன கோஜிராவில் ஜோ டுப்ளான்டியே கிட்டார், தம்பி மாரியோ டிரம்ஸ். மூன்றிலும் அண்ணன் கிட்டார், தம்பி டிரம்ஸ். இவர்கள் யாரும் லண்டனிலோ நியூயார்க்கிலோ பிறந்தவர்கள் இல்லை. ஒரே வீட்டில் கிட்டாரும் டிரம்ஸும் தினமும் ஒன்றாகச் சத்தம் போட்டன, அந்த இறுக்கம் ரெக்கார்டில் கேட்கிறது. வீட்டில் தம்பியோ தங்கையோ மேஜையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தால் நான்கு வழிகளையும் ஒப்பிட வேண்டிய அவசியமே இல்லை, முதலில் அவர்களுக்கு ஒரு பிராக்டிஸ் பேடு வாங்கிக் கொடுங்கள்.

மறுபக்கம் ஃபுளோரிடாவின் டெத் பேண்டைப் பாருங்கள். சக் ஷுல்டினர் ஒருவர்தான் கடைசிவரை நிலையாக இருந்தார், மற்றவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1991 ஆல்பத்தில் ஷான் ரைனர்ட், 1993-லும் 1995-லும் ஜீன் ஹோக்லன், 1998-இல் ரிச்சர்ட் கிறிஸ்டி. ஒவ்வொரு டிரம்மர் வரும்போதும் சக் எழுதிய ரிஃபின் நடையே மாறுகிறது. அந்த நான்கு ஆல்பங்களையும் கிட்டாரை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் கவனித்துக் கேளுங்கள், நான் சொல்வது காதிலேயே புரியும்.

சரி, இப்போது வழிகளுக்கு வருகிறேன்.

பெங்களூரின் இழுப்பு எனக்குப் புரிகிறது. 2011 அக்டோபரில் மெட்டாலிகா வந்தது அங்கேதான், 2012-இலிருந்து பெங்களூர் ஓப்பன் ஏர் விழா நடப்பதும் அங்கேதான், 1998-இல் ஆரம்பித்த கிரிப்டோஸ் பேண்ட் இன்னும் அங்கிருந்துதான் ஐரோப்பாவுக்குப் போய் வாசிக்கிறார்கள். மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற ஜாம் பேட் (பேண்ட் கூடி வாசித்துப் பழகுகிற அறை) இருக்கிறது, அங்கே இரண்டு காலாலும் கிக் அடிக்க டபுள் பெடல் போட்ட டிரம் கிட் தயாராக இருக்கிறது, மைக் வைத்து மெட்டலை மிக்ஸ் பண்ணத் தெரிந்த சவுண்ட் இன்ஜினியர் இருக்கிறார். உங்களைவிட நன்றாக வாசிக்கிற பத்துப் பேரை நேரில் பார்ப்பதே ஒரு பாடம். சென்னையிலும் இதில் ஒரு பகுதி உண்டு. 2009-இல் ஐ.ஐ.டி. சாரங் விழாவுக்கு ஸ்வீடன் பேண்ட் ஓபெத் வந்து வாசித்ததை இன்றும் பேசிக்கொண்டிருக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

ஆனால் டெல்டாவில் வீட்டை வைத்துக்கொண்டு பெங்களூர் பேண்டில் வாசிப்பது வேறு கதை. கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ வெள்ளிக்கிழமை சாயங்காலம் மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறினால் சனிக்கிழமை விடிகாலையில் பெங்களூர், மதியம் இரண்டு மூன்று மணி நேரம் ஜாம், திரும்ப ராத்திரி வண்டி. டிக்கெட், ஆட்டோ, சாப்பாடு, ஜாம் பேட் வாடகையில் உங்கள் பங்கு எல்லாம் சேர்த்தால் சம்பளத்தில் கண்ணுக்குத் தெரிகிற ஒரு துண்டு போய்விடும். பணத்தைவிடப் பெரிய நஷ்டம், மெல்ல மெல்ல நீங்கள் மாதம் ஒரு தடவை வருகிற ஆளாகிவிடுவீர்கள். அந்த ஊர்க்காரர்கள் நடுவில் கூடி ரிஃபை மாற்றியிருப்பார்கள், உங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ வரும், அதைக் கேட்டுப் பழகிக்கொண்டு போக வேண்டும். பாட்டை உருவாக்குகிற இடத்திலிருந்து உருவானதை வாசிக்கிற இடத்துக்கு வந்துவிடுவீர்கள். சென்னைக்கு உழவன் எக்ஸ்பிரஸில் போனாலும் கணக்கு கிட்டத்தட்ட இதேதான். படிப்போ வேலையோ அங்கேயே அமைந்தால் தயங்காமல் இந்த வழியை எடுங்கள். ஊரில் இருந்தபடி என்றால் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பெரிய நகரத்து பேண்டுகள் பல இரண்டாவது கிட்டாரிஸ்டை லைவ் செஷன் ஆளாகத்தான் தேடுகின்றன, அதாவது மேடையில் வாசிக்கலாம், ஆனால் பாட்டில் உங்கள் பெயர் வராது, முடிவெடுக்கிற இடத்தில் குரல் இருக்காது. அதில் தப்பில்லை, செட்டை இறுக்கமாக வாசிக்கப் பழக அது நல்ல வாய்ப்பு. ஆனால் செஷனா, உறுப்பினரா என்று முதல் நாளே வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள். உறுப்பினர் என்றால் யார் எழுதிய ரிஃபுக்கு யார் பெயர், வருமானம் வந்தால் எப்படிப் பிரிப்பது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு என்று தோன்றும், நண்பர்களாக இருக்கும்போதுதான் இதை எழுத முடியும்.

வேறு ஊருக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்குக் கேனிபல் கார்ப்ஸ் பேண்டின் கதையைச் சொல்லலாம். ஃபுளோரிடாவின் டாம்பாதான் அந்தக் காலத்தில் டெத் மெட்டலின் தலைநகரம், மோரிசவுண்ட் ஸ்டூடியோ அங்கேதான் இருந்தது. கேனிபல் கார்ப்ஸ் ஆரம்பித்ததோ 1988-இல், அமெரிக்காவின் இன்னொரு கோடியில் இருக்கிற பஃபலோவில். சொந்த ஊரிலேயே ஒன்றாக வாசித்து பேண்டாக உருவானார்கள், ஆல்பம் பண்ண டாம்பாவுக்குப் போய்வந்தார்கள், குடியேறியது அதற்கப்புறம். பேண்டாகச் சேர்ந்து இடம் மாறுவதும், தனி ஆளாகக் கிளம்பிப் போய் பேண்ட் தேடுவதும் ஒன்றல்ல.

திருச்சி, தஞ்சாவூர் கல்லூரி வட்டம் அடுத்தது. திருச்சி என்.ஐ.டி.யின் ஃபெஸ்டம்பர், தஞ்சாவூர் சாஸ்த்ராவின் விழா, சுற்றியுள்ள இன்ஜினியரிங் கல்லூரிகளின் கல்ச்சுரல்ஸ் என்று மேடை கிடைக்கிற ஒரே இடம் நம் பக்கத்தில் இதுதான். கூட்டத்துக்கு முன்னால் கம்பி அறுந்தால் என்ன செய்வது, மேடை மானிட்டர் ஸ்பீக்கரில் உங்கள் கிட்டாரே கேட்காதபோது எப்படித் தொடர்வது என்பதெல்லாம் மேடையில்தான் படியும். குறை என்னவென்றால் போட்டி மேடைகளில் நேரம் குறைவு, நடுவர்களுக்கும் கூட்டத்துக்கும் தெரிந்த கவர் பாட்டாக (வேறு பேண்டின் பாட்டு) பார்த்து வாசிக்கச் சொல்லி மற்றவர்கள் அழுத்துவார்கள், டெத் மெட்டல் ஆசை கடைசியில் ஹெவி மெட்டல் கவரோடு நின்றுபோவதைப் பல பேண்டில் பார்க்கிறேன். கவர் வாசிப்பது கெட்டதில்லை, மூன்று கவருக்கு ஒரு சொந்தப் பாட்டாவது என்ற உடன்பாடு இருந்தால் போதும்.

கல்லூரி பேண்டில் சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, டிரம்மர் எந்த வருஷம் படிக்கிறார்? இறுதி வருஷம் என்றால் சேராதீர்கள். பிளேஸ்மென்ட் வந்ததும் அவர் பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ கிளம்பிவிடுவார், பேண்ட் அன்றோடு முடிந்தது. பாடுகிறவர் போனால் வேறு ஆள் கிடைப்பார், பேஸ் வாசிக்கிறவர் போனால் ஒரு கிட்டாரிஸ்ட் மாறிக்கொள்வார், பிளாஸ்ட் பீட் வாசிக்கிற டிரம்மருக்கு நம் பக்கத்தில் மாற்று கிடைப்பது அவ்வளவு கஷ்டம். இரண்டாம் வருஷ டிரம்மர் என்றால் கையில் இரண்டு வருஷம் இருக்கிறது, அதற்குள் ஒரு நல்ல இ.பி. (சில பாட்டு மட்டும் உள்ள சின்ன ஆல்பம்) எழுதி ரெக்கார்ட் செய்துவிடலாம். நீங்கள் அந்தக் கல்லூரியில் படிக்காதவர் என்றால் இன்னொரு சிக்கல், ஜாம் ரூம் கேம்பஸுக்குள் இருக்கும், கேட்டில் வெளியாள் நுழைய விட மாட்டார்கள். வெளியே ஒரு இடம் பிடிக்க அவர்கள் தயாரா என்று கேளுங்கள்.

ஆன்லைன் பேண்டைப் பற்றி நிறையப் பேர் ஆசையோடு பேசுகிறார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு சுமாரான லேப்டாப், ரெக்கார்டிங் சாஃப்ட்வேர், இவ்வளவு இருந்தால் மன்னார்குடியில் இருக்கிற நீங்களும் மும்பையில் பாடுகிறவரும் போலந்தில் இருக்கிற டிரம்மரும் ஒரு பாட்டு பண்ணலாம். மும்பையின் சாஹில் மகிஜா, டிமானிக் ரெசரக்‌ஷன் பேண்டை நடத்தியவர், டீமன்ஸ்டீலர் என்ற பெயரில் தனியாகச் செய்த 2016 ஆல்பத்துக்கு நைல் பேண்டின் ஜார்ஜ் கொலியாஸ் டிரம்ஸ் வாசித்திருக்கிறார். அந்தத் தரம் சாத்தியம் என்பதற்கு அதுவே போதும்.

ஆனால் நேரடியாக ஆன்லைனில் ஜாம் பண்ணலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சத்தம் இணையத்தில் அந்தப் பக்கம் போய்ச் சேர 35, 40 மில்லி செகண்ட் ஆனாலே 200 பி.பி.எம்.மில் பாதி அடி தள்ளிப்போய்விடும். மெதுவான பாட்டுக்குச் சமாளிக்கலாம், பிளாஸ்ட் பீட்டுக்கு ஆகாது. ஆக ஃபைல் அனுப்புவதுதான் வழி. அதில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. கஷ்டமான ரிஃபை இரண்டு இரண்டு பார் (தாளச் சுற்று) அளவுக்கு வெட்டி ரெக்கார்ட் செய்து ஒட்டுவீர்கள், கேட்க அருமையாக இருக்கும், நாலரை நிமிஷப் பாட்டை நின்று முழுசாக வாசிக்கச் சொன்னால் கை மூன்றாவது நிமிஷத்தில் இறுகிவிடும். புரோகிராம் செய்த டிரம்ஸ் இன்னும் மோசம், அது களைப்படையாது, அதனால் மனுஷக் காலால் வாசிக்க முடியாத பாட்டை எழுதப் பழகிவிடுவீர்கள். பாட்டு எழுத, டெமோ போட, ஆடிஷனுக்குக் காட்ட இது நல்ல கருவி. பேண்டுக்குப் பதிலாக இதையே வைத்துக்கொண்டால் வலது கை வளராது.

ஒரு விதிவிலக்கு உண்டு. ராத்திரி ஜாமுக்கு வீட்டில் அனுப்ப மாட்டார்கள் என்ற நிலையில் இருக்கிற பெண் கிட்டாரிஸ்டுகளுக்கு இன்றைக்கு இந்த வழிதான் திறந்திருக்கிறது. அவர்களைப் போய்க் குறை சொல்வதைவிட, ஊரில் பேண்ட் வைத்திருக்கிறவர்கள் ஜாமை ஞாயிறு காலைக்கு மாற்றலாம், வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவிடம் முகம் காட்டிப் பேசலாம். நன்றாக வாசிக்கிறவர் ஒருவர் கிடைக்க இது பெரிய வேலையே இல்லை.

இனி ஊரிலேயே ஆரம்பிப்பது. எனக்கு மிகவும் பிடித்த வழி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிரம்மர் எங்கே கிடைப்பார்? மூன்று இடங்களில் தேடுங்கள். முதலில் சர்ச். தஞ்சாவூர், திருச்சி, நாகப்பட்டினம் பக்கத்துச் சபைகள் பலவற்றில் முழு டிரம் கிட் இருக்கிறது, வாராவாரம் அதில் உட்கார்ந்து வாசிக்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். கிட்டில் உட்காரத் தெரிந்தவர்கள், காலும் கையும் தனித்தனியாக இயங்கும், ஆனால் அடக்கி வாசித்தே பழகியிருப்பார்கள், ஓங்கி அடிக்க வைக்க நாளாகும். பாட்டு வரிகள் அவர்கள் நம்பிக்கையைச் சீண்டாமல் இருக்கும் என்று நீங்கள் முதலிலேயே உறுதி சொல்ல வேண்டும், சொன்னதைக் காப்பாற்றவும் வேண்டும். இரண்டாவது ஆர்கெஸ்ட்ரா. அங்கே ரிதம் பேட் வாசிக்கிறவர்களுக்குக் கை வேகம் அபாரம், காலுக்கு வேலையே இருந்திருக்காது, டபுள் பெடலை அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மூன்றாவது தவில் படித்த வீட்டுப் பிள்ளைகள். லயத்தில் அவர்களை யாரும் ஏமாற்ற முடியாது. 7/8 தாளம் என்று கணக்குச் சொல்லிக் குழப்பிக்கொள்ளாமல் மிஸ்ர சாப்பு என்று சொன்னால் அடுத்த நிமிஷம் பிடித்துக்கொள்வார்கள், கண்ட சாப்பில் ஒரு ரிஃப் போட்டால் நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில் அழுத்தம் கொடுத்து அதை வேறொன்றாக ஆக்கிவிடுவார்கள். கிட்டுக்குப் பழகத்தான் காலம் எடுக்கும்.

காலம் எடுத்தால் எடுக்கட்டும். மார்பிட் ஏஞ்சலின் பீட் சாண்டோவல் அந்த பேண்டுக்கு வந்த பிறகுதான் டபுள் பாஸ் (இரண்டு காலாலும் கிக் அடிப்பது) பழகினார், 1989-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தைக் கேட்டால் அதை நம்பவே முடியாது. இன்று வேகமாக வாசிக்கிறவரைத் தேடாதீர்கள், தினமும் சாதகம் பண்ணுகிறவரைத் தேடுங்கள். 140-இல் ஆரம்பித்துச் சேர்ந்தே வேகம் ஏற்றினால் இரண்டு பேரின் கையும் ஒன்றாக வளரும். போல்ட் த்ரோவர் பேண்ட் மாதிரி நடுத்தர வேகத்தில் நசுக்குகிற டெத் மெட்டலும் இருக்கிறதே, எல்லாமே பிளாஸ்ட் பீட்டாக இருக்க வேண்டியதில்லை.

இடம்தான் அடுத்த தலைவலி. கும்பகோணம் அக்ரகார வீடுகளுக்குச் சுவரே பொது, அங்கே டிரம் கிட் நடக்காத காரியம். ஊருக்கு வெளியே ஓட்டம் நின்றுபோன ரைஸ் மில் ஷெட் கிடைத்தால் விடாதீர்கள். தகரக் கூரையின் எதிரொலியைக் குறைக்கச் சாக்கு, பழைய மெத்தை, ஜமக்காளம் போதும். வைக்கோல் சத்தத்தை நன்றாகவே உறிஞ்சும், ஆனால் ஆம்ப் சூட்டுக்கும் பழைய வயரிங்குக்கும் பக்கத்தில் அதை வைக்கவே கூடாது. வயல் பம்புசெட் கொட்டகையில் ஆம்ப் மாட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள், வேண்டாம், விவசாயத்துக்கென்று அரசு இலவசமாகத் தருகிற மின்சாரம் அது, மாட்டினால் அந்த விவசாயிக்குத்தான் பிரச்சினை. ஷெட்டில் கனெக்‌ஷன் எந்த வகை, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்து முதல் நாளே பாருங்கள். எர்த் இல்லாத லைனில் கிட்டாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கும், உயிருக்கே ஆபத்து. எர்த் சரியில்லை என்றால் ஹம்மும் (ஆம்பிலிருந்து வருகிற இரைச்சல்) தாங்காது, டெத் மெட்டலில் ரிஃப் சட்டென்று நிற்கிற இடத்து நிசப்தம் முக்கியம், அங்கே அந்த இரைச்சல் வந்து உட்கார்ந்துகொள்ளும், இரைச்சலை அடைக்கிற நாய்ஸ் கேட் பெடலும் ஓரளவுக்குத்தான் மறைக்கும்.

காதை மறக்காதீர்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்பது கணக்கு, அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது, 100 டெசிபலில் 15 நிமிஷம்தான். மூடிய ஷெட்டில் டிரம்ஸும் இரண்டு ஆம்பும் சேர்ந்தால் 100 சுலபமாகத் தாண்டும். இயர் பிளக் போட்டு வாசிக்கிற பேண்டில் சேருங்கள், யாரும் போடவில்லை என்றால் நீங்கள் போட ஆரம்பியுங்கள்.

ஊர் பேண்டுக்கு நாள்காட்டியும் வேறு. ஆர்கெஸ்ட்ராவில் இருக்கிறவர் மாசியிலிருந்து ஆடி வரை கோயில் திருவிழாக்களில் பிஸி, அந்தச் சம்பாத்தியத்தை விடச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. சர்ச்சில் வாசிக்கிறவர் டிசம்பரில் கிடைக்க மாட்டார். நிலம் உள்ள வீடு என்றால் மேட்டூர் திறந்ததிலிருந்து வேலை ஆரம்பித்துவிடும், தை அறுவடை சமயத்தில் போன் பண்ணினாலே வயலிலிருந்துதான் பேசுவார். புரட்டாசியிலிருந்து கார்த்திகை வரைதான் பெரும்பாலும் எல்லோரும் ஒன்றாகக் கிடைக்கிற காலம், பாட்டு எழுதுவதை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். அடைமழை தகரக் கூரையில் கொட்டுகிறபோது பக்கத்துத் தோப்புக்காரரிடமிருந்து புகாரும் வராது, கரண்ட் இருந்தால் சரி.

ஊரில் ஆரம்பிப்பதற்கு இன்னொரு காரணமும் என் மனசில் இருக்கிறது. டெத் மெட்டல் சாவைப் பற்றிய இசை. அமெரிக்கக் கொலைகாரர்களையும் ஜாம்பிகளையும் கடன் வாங்கிப் பாடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், கூலி கேட்டதுதான் அவர்கள் செய்த குற்றம். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஏறி வந்து நாகப்பட்டினத்தில் கொண்டுபோனது ஆயிரக்கணக்கான உயிர்களை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறி ஒரே ராத்திரியில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. இந்தக் கோபமும் துக்கமும் இந்த மண்ணில் கிடக்கிறது, இதைத் தாங்கக்கூடிய கனமான இசை கையில் இருக்கிறது. இதை எழுத வேண்டுமானால் அந்த ஊர்களில் சொந்தபந்தம் இருக்கிற நான்கு பேர் ஒரு ஷெட்டில் உட்கார வேண்டும், மரியாதையோடு உட்கார வேண்டும், பாதிக்கப்பட்டவர்களின் பெயரை விளம்பரத்துக்கு இழுக்காமல்.

கருவிகளைப் பற்றி நீட்டி முழக்க மாட்டேன். டியூனிங்கை பேண்ட் முடிவு செய்த பிறகு கம்பி வாங்குங்கள். டெத் பேண்ட் மாதிரி டி ஸ்டாண்டர்ட் (எல்லாக் கம்பியையும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தளர்த்துவது) என்றால் 10-52 தடிமன் கம்பி போதும், பழைய ஸ்வீடன் சத்தத்துக்கு பி வரை இறக்குவதென்றால் 12-60 பக்கம் போக வேண்டும், நட்டில் (கழுத்தின் மேல்முனையில் கம்பி உட்காருகிற பட்டை) பள்ளத்தை அகலப்படுத்த வேண்டிவரும். ஏழு கம்பி கிட்டார் உடனே தேவையில்லை. ஸ்டாக்ஹோம் பேண்டுகளின் அந்த ரம்பச் சத்தம் பாஸ் கம்பெனியின் எச்.எம்.2 பெடலில் எல்லா குமிழையும் முழுசாகத் திருப்பி வைத்ததில் வந்தது, அதன் மலிவுப் பிரதி பெரிங்கர் எச்.எம்.300 வாங்கினாலே அந்தப் பக்கம் போய்விடலாம். நம் ஊர் ஈரக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்று வேறு. வாசித்து முடித்ததும் துடைத்துப் பெட்டியில் வையுங்கள், மழைக்காலத்தில் கழுத்து வளைகிறதா என்று பாருங்கள்.

வீட்டுப் பேச்சு ஒன்று பாக்கி. "ஏம்ப்பா, இந்த உறுமலைக் கத்துக்கவா உன்னைப் படிக்க வெச்சேன்" என்று அப்பா கேட்பார். பணம் வரும் என்று அவரிடம் சொல்லாதீர்கள், இந்தியாவில் டெத் மெட்டல் வாசித்துக் குடும்பம் நடத்துகிறவர்கள் அநேகமாக இல்லை, எல்லோருக்கும் பகலில் வேறு வேலை உண்டு. வாரம் ஒரு நாள், இன்ன இடம், இன்ன ஆட்கள், இத்தனை மணிக்குத் திரும்பிவிடுவேன் என்று சொல்லி, அந்த நேரத்துக்குத் திரும்புங்கள். அப்பாவை ஒரு நாள் ஷெட்டுக்குக் கூட்டிவந்து உட்கார வையுங்கள். தவில் கேட்டு வளர்ந்த காது அது, உறுமலைப் பிடிக்காமல் போனாலும் டிரம்ஸை உட்கார்ந்து கேட்பார்.

பெங்களூரில் தெரிந்த பேண்ட் ஒன்று மாதம் ஒரு ஜாமுக்குக் கூப்பிடுகிறது, திருச்சியிலோ கும்பகோணத்திலோ பெயர் தெரியாத ஒரு டிரம்மர் வாராவாரம் வாசிக்கலாம் என்கிறார், இரண்டும் ஒரே சமயத்தில் வந்தால் நான் இரண்டாவதைத்தான் எடுக்கச் சொல்வேன். ஆனால் சரி என்று சொல்வதற்கு முன் அவரோடு ஒரு மணி நேரம் வாசித்துப் பாருங்கள். பாட்டு வேண்டாம். நாலு பார் ரிஃப் ஒன்று, 120-இல் பத்து நிமிஷம், 140-இல் பத்து நிமிஷம், முடிந்தால் 160. எங்கே தடுமாறுகிறார் என்பதைவிடத் தடுமாறிய பிறகு என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். வேகத்தைக் குறைத்து அந்த இடத்தையே திரும்ப வாசிக்கிறாரா, இல்லை அடுத்த பாட்டுக்குத் தாவுகிறாரா? கிளம்பும்போது அடுத்த ஜாம் எந்தக் கிழமை என்று அவராகக் கேட்டால் சேர்ந்துவிடுங்கள்.